அந்த அழுகை மட்டும் நெசம்

எங்கள் சித்திக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் அடித்தால் எடுக்க மாட்டார். பிக் பாஸ் ஓடும் மாதங்களில் இது எழுதப்படாத சட்டம். நேரில் போனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், பேசக்கூடாது. பேசுவதெல்லாம் அவர்தான். "எல்லாம் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டுப் பண்றதுடா. நீ சண்டை போடு, நான் சமாதானம் பண்றேன்னு. எனக்குத் தெரியாதா?" என்பார். பத்து நிமிஷம் போகும். அந்த வீட்டுக்குள் யாரோ ஒரு பெண் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு அழுவாள். சித்தி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுவார். "இந்த அழுகை மட்டும் நெசம். குரலைக் கேளு."

ரொம்ப நாளாக எனக்கு இது புரியவில்லை. பொய் என்று தெரிந்தால் எதற்குப் பார்ப்பது? நெசம் என்று நம்பினால் எதற்கு இந்தக் கிண்டல்? அப்புறம் ரியாலிட்டி டிவியின் பழைய வரலாற்றைக் கொஞ்சம் தோண்டிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, சித்தி முரணாக எதுவும் பேசவில்லை என்று தோன்றியது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே எழுதுகிறேன். கதை நம்மூரில் 2017ல் தொடங்குவதல்ல. அதற்கு அறுபது வருஷம் முன்னால், அமெரிக்காவில் தொடங்குகிறது. அதிலும் இரண்டு நிகழ்ச்சிகளைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். ஒன்று, முழுக்க முழுக்க ஜோடித்தது. இன்னொன்றில் யாருக்கும் ஒரு வசனம்கூட எழுதித் தரவில்லை. இரண்டாவதில்தான் அதிகச் சேதம்.

முதலாவதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், சினிமாவாகவே வந்துவிட்ட கதை. 1956ல் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'ட்வென்டி ஒன்' என்று ஒரு வினாடி வினா. இரண்டு கண்ணாடிக் கூண்டுகள், உள்ளே காதில் ஹெட்போன் மாட்டிய இரண்டு போட்டியாளர்கள். ஆரம்பத்தில் நேர்மையாகத்தான் நடத்தினார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் தெரியாது, தெரியாது என்று பதில் வர, நிகழ்ச்சி படுத்துவிட்டது. டானிக் விற்கும் விளம்பரதாரர் கொதித்துப்போனார். தயாரிப்பாளர் டான் என்ரைட் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கேள்வி, பதில் இரண்டையும் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிடுவது.

ஹெர்பர்ட் ஸ்டெம்பல் என்ற கல்லூரி மாணவர் அப்படித்தான் வாரா வாரம் ஜெயித்தார். பதில் மட்டுமா சொல்லிக் கொடுத்தார்கள்? அளவு பொருந்தாத பழைய சூட் போட வைத்தார்கள், முடியை ஒட்ட வெட்ட வைத்தார்கள். எங்கே திணறணும், நெற்றியை எப்படி ஒற்றி எடுக்கணும் என்றுகூடப் பயிற்சி. கூண்டுக்குள் ஏ.சி.யையும் அணைத்துவிட்டார்கள். 1956 டிசம்பர் 5 அன்று அவர் தோற்கவேண்டிய முறை வந்தது. முந்தைய வருஷம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய படம் எது என்று கேள்வி. விடை 'மார்ட்டி'. ஸ்டெம்பலுக்கு மனசுக்கு நெருக்கமான படம் அது. வேறு படத்தின் பெயரைச் சொல்லச் சொன்னார்கள், சொன்னார். அவரைத் தோற்கடித்த கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் சார்லஸ் வான் டோரன், 'டைம்' பத்திரிகையின் அட்டை வரை போய், 1,29,000 டாலர் ஜெயித்து, கடைசியில் 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன்னால் நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

1960ல் சட்டம் வந்தது. அறிவு, திறமை, அதிர்ஷ்டம் ஆகியவற்றில் நடக்கும் போட்டியின் முடிவை, பார்வையாளரை ஏமாற்றும் நோக்கத்தோடு முன்கூட்டியே தீர்மானிப்பது குற்றம். கவனித்தால், சட்டம் காப்பாற்றுவது போட்டியை மட்டும்தான். இரண்டு பேர் சமையலறையில் பேசிக்கொண்டதை எப்படி வெட்டி ஒட்டிக் காட்டலாம் என்பதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. அப்போது அப்படி ஒரு நிகழ்ச்சி வரும் என்று யாருக்குத் தெரியும்?

என்னை இந்தக் கதையில் பிடித்து நிறுத்தியது ஏ.சி.தான். கேள்வி பொய், யோசிப்பது பொய், தோல்வி பொய். ஆனால் வேர்வை நெசம். மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மனுஷன் நெசமாகவே வேர்த்து நிற்கிறான். மக்கள் பார்த்தது அந்த வேர்வையைத்தான். உடம்பு பொய் சொல்லாது என்று நாம் நம்புகிறோம் என்பது என்ரைட்டுக்குத் தெரிந்திருந்தது.

இனி இரண்டாவது கதை.

1971 மே மாசக் கடைசி. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா. பில் லவுட், பாட் லவுட் என்ற தம்பதி, அவர்களுக்கு ஐந்து பிள்ளைகள். பில்லுக்குச் சுரங்க வேலைக்கான இயந்திரப் பாகங்கள் விற்கும் சொந்தத் தொழில். வீட்டில் நீச்சல் குளம், வாசலில் நாலைந்து கார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பொறாமைப்படும்படியான குடும்பம். பொதுத் தொலைக்காட்சிக்காகப் படம் எடுக்கும் கிரெய்க் கில்பர்ட் இவர்களைக் கண்டுபிடித்து, உங்கள் அன்றாட வாழ்க்கையை அப்படியே எடுக்கலாமா என்று கேட்டார். சரி என்றார்கள். ஆலன் ரேமண்ட் கேமராவும், அவர் மனைவி சூசன் ஒலிப்பதிவுமாக, அந்த வருஷம் டிசம்பர் 31 வரை ஏழு மாதம் எடுத்தார்கள். மொத்தம் சுமார் 300 மணி நேரப் படம். அதிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்து, பன்னிரண்டு பாகமாக, 'ஆன் அமெரிக்கன் ஃபேமிலி' என்ற பெயரில் 1973 ஜனவரி 11 முதல் வாரா வாரம் ஒளிபரப்பினார்கள். சுமார் ஒரு கோடிப் பேர் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

வீட்டுக்குள் யாரையும் பூட்டி வைக்கவில்லை. டாஸ்க் இல்லை, ஓட்டு இல்லை, பரிசு இல்லை. காலை உணவு, பள்ளி, நீச்சல் குளம், ராத்திரி போன்கால். மூத்த மகன் லான்ஸ் நியூயார்க்கில் செல்சீ ஹோட்டலில் தங்கியிருக்கிறான். அம்மா பார்க்கப் போகிறாள். உதட்டுச் சாயம் பூசிய நண்பர்களோடு சுற்றும் மகன், அம்மாவை ஒரு நாடகத்துக்குக் கூட்டிப் போகிறான். ஆண்கள் பெண் வேடமிட்டு நடிக்கும் நாடகம். அம்மா எதுவும் கேட்பதில்லை, மகன் எதுவும் சொல்வதில்லை. (தொலைக்காட்சியில் தன்னை ஓரினச் சேர்க்கையாளன் என்று அறிவித்த முதல் ஆள் லான்ஸ் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அந்தத் தொடரில் அவன் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. பார்த்தவர்கள் புரிந்துகொண்டார்கள், பிறகு அவன் சொன்னதாகவே ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.)

அப்புறம் ஒன்பதாவது பாகம். பில் வெளியூர் வேலை முடிந்து திரும்பி வருகிறார். பாட் தன் வக்கீலின் விசிட்டிங் கார்டை அவர் கையில் கொடுத்து, வீட்டை விட்டுப் போகச் சொல்கிறாள். இருபது வருஷத்துக்கு மேலான கல்யாணம். கத்தல் இல்லை, தட்டு உடையவில்லை. பில் கொஞ்ச நேரம் பேசிப் பார்க்கிறார். அப்புறம் போனை எடுத்து ஹோட்டலில் ரூம் சொல்கிறார். அவ்வளவுதான். இதை கேமராவுக்குப் பின்னால் இருந்து யாரும் எழுதித் தரவில்லை. நெசமாகவே ஒரு குடும்பம் அன்றைக்கு உடைந்தது.

சரி, அப்படியானால் இது முழு உண்மைதானே? இங்கேதான் சிக்கல். முதல் பாகத்தைப் பாருங்கள். அது 1971 மே மாதத்தில் தொடங்குவதில்லை. டிசம்பர் 31, புத்தாண்டு விருந்தில் தொடங்குகிறது. கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டார்கள் என்று கில்பர்ட்டே முதலில் சொல்லிவிடுகிறார். அப்புறம்தான் கதை ஏழு மாதம் பின்னால் போகிறது. இந்த ஒரு வெட்டு போதும். அதற்குப் பிறகு பில் காபியைக் கலக்கினால்கூட நமக்கு அதில் பிரிவு தெரிகிறது. பாட் ஜன்னலைப் பார்த்தால் 'ஆங், முடிவு பண்ணிட்டா' என்று தோன்றுகிறது. படம் எடுத்த அன்றைக்கு அது வெறும் ஜன்னல். பார்க்கும் நாம்தான் அதற்கு அர்த்தம் போடுகிறோம். ஒரு வசனத்தைக்கூட மாற்றாமல், வரிசையை மட்டும் மாற்றி, பன்னிரண்டு மணி நேரத்தையும் ஒரு பிரிவின் கதையாக ஆக்கிவிட்டார்கள். இருபத்தைந்து மணி நேரம் எடுத்தால் ஒரு மணி நேரம் வெளியே வருகிறது. அந்த மீதி இருபத்து நாலில் குடும்பம் சேர்ந்து சிரித்த நாள் எத்தனை இருந்திருக்கும்?

லவுட் குடும்பம் ஒளிபரப்புக்கு முன்பே தொகுத்த பாகங்களைப் பார்த்தது. அப்போது பெரிய எதிர்ப்பு எதுவும் சொல்லவில்லை. இதை வைத்து, பிறகு அவர்கள் புலம்பியது நியாயமில்லை என்று வாதிட்டவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. தன் கல்யாண வீடியோவைத் தானே பார்ப்பது வேறு, அதை ஒரு கோடிப் பேர் பார்த்துக் கருத்துச் சொல்வது வேறு. தன்னைத் திரையில் பார்க்கும் ஒருவர், காட்டாமல் விட்ட மீதியையும் மனசுக்குள் சேர்த்துத்தான் பார்க்கிறார். அந்த மீதி அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

ஊர் என்ன சொன்னது? வெற்று மனிதர்கள், பேசத் தெரியாதவர்கள், விளம்பர வெறி பிடித்தவர்கள் என்றார்கள். நியூயார்க் டைம்ஸின் ஞாயிறு இதழில் ஆன் ராய்ஃப் என்ற நாவலாசிரியர் எழுதிய கட்டுரையில் லான்ஸைப் பற்றி வருவதை இன்று படித்தால் கை நடுங்குகிறது. 'நியூஸ்வீக்' மார்ச் மாதம் குடும்பத்தை அட்டையில் போட்டு, உடைந்த குடும்பம் என்று தலைப்பு வைத்தது. மறுபக்கம், மானுடவியலாளர் மார்கரெட் மீட், நாவலும் நாடகமும் கண்டுபிடிக்கப்பட்டதற்குச் சமமான புது விஷயம் இது என்று எழுதினார். (மீட் இதற்குச் சில வருஷம் முன்பு கில்பர்ட் எடுத்த ஒரு படத்தில் வந்தவர். ஆகவே அந்தப் பாராட்டை ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் தப்பில்லை என்றே நினைக்கிறேன்.) லவுட் குடும்பம் டிக் கேவட்டின் பேட்டி நிகழ்ச்சிக்குப் போய், தொகுப்பில் எங்கள் சந்தோஷத்தை வெட்டிவிட்டார்கள் என்று முறையிட்டது. முறையிடப் போன இடத்திலும் கேமரா. மக்கள் அதையும் பார்த்தார்கள்.

கேமரா இல்லாத மாதிரியே அவர்கள் வாழ்ந்தார்கள் என்று தொடரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லப்பட்டது. அந்தப் பேச்சே அபத்தம் என்று பிரெஞ்சு சிந்தனையாளர் ழான் பூத்ரியார் பிறகு எழுதினார். கேமரா இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாட் கேட்டிருக்கவே மாட்டாளோ, முன்பே கேட்டிருப்பாளோ.

கில்பர்ட் அதற்குப் பிறகு இன்னொரு படம் எடுக்கவில்லை.

ஆனால் அந்தப் பாணி எங்கும் போகவில்லை. 1992ல் எம்.டி.வி. 'தி ரியல் வேர்ல்ட்' என்று ஏழு அந்நிய இளைஞர்களை நியூயார்க்கில் ஒரே வீட்டில் குடிவைத்தது. முதலில் அவர்கள் எடுக்க நினைத்தது வழக்கமான மெகா சீரியல் மாதிரி ஒன்று. எழுத்தாளர், நடிகர் சம்பளம் கட்டுப்படியாகாது என்றானதும்தான் 'நெசமான ஆட்களை' வைத்து எடுக்கும் யோசனை வந்தது. ரியாலிட்டி என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்த பெரிய தத்துவம் இதுதான், மலிவு. அதைத் தயாரித்த இரண்டு பேரில் ஒருவரான மேரி எல்லிஸ் பனிம் சீரியல் உலகத்திலிருந்து வந்தவர். லவுட் குடும்பத்தின் தொடர்தான் தங்களுக்கு முன்மாதிரி என்று இருவரும் மறைக்காமல் சொன்னார்கள். 1999 செப்டம்பரில் நெதர்லாந்தில் ஜான் டி மோல் 'பிக் பிரதர்' தொடங்கினார். 2000ல் அமெரிக்காவில் 'சர்வைவர்'. மற்றதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான்.

தொகுப்பு மேசையின் தந்திரங்களும் கூடவே வளர்ந்தன. சர்வைவரின் தயாரிப்பாளர் மார்க் பர்னெட் 2001லேயே ஒப்புக்கொண்டார், சில காட்சிகளை மாற்று ஆட்களை வைத்துத் திரும்ப எடுத்திருக்கிறோம் என்று. நல்ல கோணம் வேண்டும், ஆனால் படப்பிடிப்புக் குழு தெரியக்கூடாது என்பது காரணம். போட்டியின் முடிவு மாறவில்லையே என்பது அவர் வாதம். அது 1960 சட்டத்தின் எல்லைக்குள்தான். இன்னொன்று, 'ஃபிராங்கன்பைட்' என்பார்கள். திங்கட்கிழமை சொன்ன பாதி வாக்கியத்தையும் வியாழக்கிழமை சொன்ன பாதியையும் தைத்து, முகத்தைக் காட்டாமல் வேறு யாருடைய முகத்தின் மேலோ அந்தக் குரலை ஓடவிடுவது. அடுத்த முறை ஒருவர் பேசும்போது, மிக முக்கியமான சொல் வரும் இடத்தில் திரையில் அவர் வாய் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் தையல் இருக்கலாம். இந்தக் கதைகளைக் கோர்ப்பவர்கள் தாங்களும் எழுத்தாளர்களே, எங்களுக்கு ஓவர்டைம் சம்பளம் வேண்டும் என்று 2005ல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். எழுத்தாளரே இல்லாத நிகழ்ச்சி என்று விற்றதற்கு எழுத்தாளர்கள் போட்ட வழக்கு!

இவ்வளவு தெரிந்த பிறகும் மக்கள் ஏன் பார்க்கிறார்கள்? ஏமாளிகள் என்பதுதான் படித்தவர்களின் வழக்கமான பதில். 2004ல் ஸ்டீவன் ரைஸ், ஜேம்ஸ் வில்ட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 239 பேரிடம் கேட்டு, அந்தஸ்து ஆசை அதிகம் உள்ளவர்கள்தான் இவற்றை அதிகம் ரசிக்கிறார்கள் என்றார்கள். நம்மைப் போல ஒரு சாதாரண ஆள் பிரபலமாவதும், நம்மைவிடக் கீழாக ஒருவர் நடந்துகொள்வதும், இரண்டுமே நமக்கு ஒரு தெம்பு தருகிறது என்பது அவர்கள் விளக்கம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் எனக்குச் சரியாகப் பட்டது ஆனட் ஹில் என்ற ஆய்வாளர் இங்கிலாந்தில் பிக் பிரதர் பார்வையாளர்களிடம் பேசிக் கண்டுபிடித்தது. பெரும்பாலானவர்கள், உள்ளே இருப்பவர்கள் கேமராவுக்காக மிகையாக நடிக்கிறார்கள் என்று தெரிந்தேதான் பார்க்கிறார்கள். அவர்கள் காத்திருப்பது, அந்த நடிப்பு நழுவும் ஒரு கணத்துக்கு. வேஷம் கலைந்து ஆள் வெளியே எட்டிப் பார்க்கும் கணம்.

படித்ததும் சித்தி ஞாபகம் வந்தது. 'எல்லாம் நடிப்பு' என்பதும் 'இது மட்டும் நெசம்' என்பதும் ஒரே வேலையின் இரண்டு பாதி. நகைக்கடைக்காரர் உரைகல்லில் உரசுகிற மாதிரி, சித்தி ஒவ்வொரு ராத்திரியும் மனிதர்களை உரசிப் பார்க்கிறார். எல்லாமே தங்கம் என்றால் உரசுவதற்கு என்ன இருக்கிறது? 2017ல் ஓவியாவை ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடியதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் நடிக்கிறார்கள், இந்தப் பெண் நடிக்கவில்லை என்று லட்சக்கணக்கான வீடுகளில் தனித்தனியாக உரசிப் பார்த்து ஒரே தீர்ப்பு எழுதினார்கள். நேர்மையாகச் சொன்னால் கல்யாண வீட்டிலும் நாம் இதைத்தான் செய்கிறோம். மாப்பிள்ளையின் அக்கா சிரிப்பது வாயோடா கண்ணோடா என்று பார்க்காத பந்தி உண்டா?

வித்தியாசம், கல்யாண வீட்டில் நாம் பார்க்கும் ஆள் நம்மையும் திரும்பப் பார்க்க முடியும். லவுட் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை.

லான்ஸ் பிறகு ஒரு இசைக்குழு வைத்தான், பத்திரிகைகளில் எழுதினான், எங்கே போனாலும் அந்தத் தொடரில் வந்த பையனாகவே இருந்தான். ஐம்பது வயதில், எச்.ஐ.வி.யும் கல்லீரல் தொற்றும் சேர்ந்து சாகக் கிடந்தபோது, ரேமண்ட் தம்பதியைக் கூப்பிட்டு, வந்து படம் எடுங்கள் என்றான். உலகம் தன்னைப் பற்றி வைத்திருந்த கதைக்கு ஒரு கடைசிப் பாகம் வேண்டும் என்று நினைத்தான் போல. 2001 டிசம்பரில் இறந்தான். அம்மாவும் அப்பாவும் மறுபடி ஒன்றாக வாழவேண்டும் என்பது அவன் கடைசி ஆசைகளில் ஒன்று. வாழ்ந்தார்கள். முப்பது வருஷம் கழித்து, ஒரே வீட்டில், 2018ல் பில் இறக்கும் வரை. பாட் 2021 ஜனவரியில் இறந்தார். உடைந்த குடும்பம் என்று அட்டையில் போட்டது ஏழு மாதப் படத்தை வைத்து.

இந்தக் கதையைச் சித்தியிடம் சொன்னேன். விளம்பர இடைவேளையில்தான், வேறு எப்போது? முழுசாகக் கேட்டுவிட்டு, அந்தம்மா விவாகரத்துக் கேட்கிற காட்சி இருக்கா, காட்டு என்றார். இணையத்தில் அந்தத் துண்டைத் தேடி எடுத்து என் போனில் ஓடவிட்டேன். இங்கிலீஷ் வேண்டாம், சத்தத்தைக் குறை என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். பிக் பாஸ் மறுபடி ஆரம்பித்திருந்தது, அதைக் கவனிக்கவில்லை.

"நெசந்தான்டா," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அந்தக் கேமராக்காரன் மட்டும் அங்க இல்லேன்னா, அந்தாளு இவ்ளோ மரியாதையா எந்திரிச்சுப் போயிருப்பான்னு நெனைக்கிற?"